உறவுமுறை என்ற கட்டம்

ஜுபைல், நான்காம் மாடி, ஐ.சி.யூ. வாசல்.
மொழிபெயர்ப்பது மட்டும் என் வேலை.
சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது
என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

ஒன்பது நாளுக்கு முன்
சாரத்திலிருந்து விழுந்த பிச்சைக்கண்ணுவை
மஞ்சள் ஹெல்மெட்டோடு தூக்கிவந்தார்கள்.
மண்டையைத் திறக்க ஒரு கையெழுத்து வேண்டும்.
கூட வந்தவன் ராம்சேவக், பீகார்க்காரன்,
லேபர் கேம்ப்பில் மேல்கட்டில் அவனுக்கு,
கீழ்க்கட்டில் இவருக்கு.
"உறவுமுறை?" என்று கேட்டேன்.
"பாய்" என்றான்.
அண்ணன், தம்பி, வழியில் போகிற எவரும் பாய்.
தமிழில் அது படுக்கிற பாயும்கூட.
கட்டத்தில் அரபியில் சகோதரர் என்று நிரப்பினேன்.
தப்பு என்று யாரும் சொல்ல முடியாது.
எனக்குத் தெரியும்.

இன்று வேறு தாள்.
மூன்று டாக்டர்கள், மூன்று கையெழுத்து,
ஒன்று மட்டும் பச்சை மை.
குடும்பம் கையெழுத்துப் போட வரி இல்லை.
'குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டது'
பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம்,
டிக் போட.

வீடியோவில் பூங்காவனம்.
இங்கே காலை ஒன்பது, அங்கே பதினொன்றரை.
செந்துறைப் பக்கம் நூறுநாள் வேலை,
முதுகுக்குப் பின்னால் வெயில்,
முகம் இருட்டாகத்தான் தெரிந்தது.

டாக்டர் உஸ்மான் அரபியில் சொன்னது ஏழே சொல்.
தமிழில் அதை எங்கே இறக்கிவைப்பது?
'உயிர்ப்பிக்க வேண்டாம்',
கொல்லச் சொன்னதுபோல் இருந்தது.
'இயற்கையாக விட்டுவிடலாம்',
மாட்டை மேய்ச்சலுக்கு விடுவதுபோல.
கடைசியில்,
"இதயம் நின்னுட்டா, அம்மா,
திரும்ப அடிக்க வைக்க மாட்டாங்க" என்றேன்.

அங்கே யாரோ மண்வெட்டியைக் கீழே போட்டார்கள்.
"அடிக்கவா?
அடிக்க வேணாம் சார்.
அவருக்கு அடிபட்டது போதும்."

"என்ன சொல்கிறார்?" என்றார் உஸ்மான்.

சம்மதம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
பரிசம் போடுகிற அன்று பெண்ணைக் கேட்கிற சொல்.
அவள் தலை குனிந்தால் பதில் ஆகிவிடும்,
மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.
இங்கே குனிந்திருந்தது நான்.

"ஒரு நிமிடம் டாக்டர்" என்று
சேர்க்க ஆரம்பித்தேன்.
நெஞ்சில் கையை வைத்து அமுக்குவார்கள்,
கரண்ட் வைப்பார்கள்,
தொண்டையில் குழாய் ஏற்கெனவே இருக்கிறது.
"எலும்பு ஒடையுமா?"
"ஒடையலாம்மா."
"அமுக்கினா எந்திரிப்பாரா?"
உஸ்மானிடம் கேட்டேன்.
அவர் இல்லை என்று சொல்லவில்லை,
கண்ணாடியைக் கழற்றினார்.
அதையும் மொழிபெயர்த்தேன்.

நெட் போனதோ என்று பயந்தேன். போகவில்லை.
"அவரக் கேட்டீங்களா?" என்றாள்.
அந்தக் கேள்விக்கு எந்தத் தாளிலும் கட்டம் கிடையாது.
"அவங்க அண்ணன் திருச்சி ஆஸ்பத்திரியில
கொழாயோட கெடந்தப்ப
'எனக்கு இப்புடி வேணாம் புள்ள'ன்னாரு.
சோறு தின்னுக்கிட்டே சொன்னாரு.
தட்டுல மீனு இருந்துச்சு."

"எழுத்தில் இருக்கிறதா?"
தட்டில் இருந்தது டாக்டர்
என்று சொல்ல வாய் வந்தது.
புள்ள, சோறு, மீன்,
ஒன்றையும் குறைக்காமல் அரபியில் வைத்தேன்.
பச்சை மைக்காரி, லாகூர்க்கார டாக்டர் ரிஃப்அத்,
இதுவரை பேசாமல் இருந்தவள்,
"என்ன மீன்?" என்றாள்.

"கெண்ட" என்றது போன்.
பிறகு அது அழுதது,
அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

சதுரத்தில் டிக் விழுந்தது.
ஓரத்தில் ரிஃப்அத் பச்சையில் ஏதோ எழுதினாள்,
மீனும் அதில் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

வெளியே பெஞ்சில் ராம்சேவக்.
மடியில் பாலிதீன் பை,
உள்ளே பிச்சைக்கண்ணுவின் செருப்பு.
"இந்த முறையும் நான்தானே கையெழுத்து?" என்று
ஹிந்தியில் கேட்டான், எழுந்து நின்றபடி,
சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு.

வேண்டாம் என்பதற்கு ஹிந்தியில் சொல் இருக்கிறது,
எனக்கும் தெரியும்.
தாளைத் திருப்பினேன்.
காலியாக இருந்த பின்பக்கத்தைக் காட்டிப்
பேனாவைக் கொடுத்தேன்.